காண்போரும் தொழுவோரும்

ரோம் நகரைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடாத பாந்தியன், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கி.பி. 126ஆம் ஆண்டையொட்டிக் கட்டி முடிக்கப்பட்டு, 609இல் திருத்தந்தை நான்காம் போனிஃபேஸால் மரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும், அதாவது விசுவாசத்துக்காக உயிர்நீத்தோருக்கும், நேர்ந்தளிக்கப்பட்டு, இன்றும் திருப்பலி நடைபெறும் தேவாலயமாகவே நீடிக்கிறது. 2023 ஜூலையில் இங்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டபோது, திருப்பலிக்கு வருவோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நிர்வாக ஏற்பாடு என்ற அளவில் இது நியாயமானதே. ஆனால் தொழ வந்தவர் யார், பார்க்க வந்தவர் யார் என்று வாசலிலேயே பிரித்துவிடலாம் என்னும் அதன் அனுமானம் சமய மெய்யியலில் எளிதில் நிற்பதன்று.

குவிமாடத்தின் உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்தே விடப்பட்ட 'ஓக்குலஸ்' எனும் வட்டத் துளைவழி இறங்கும் வெயில் சுவரில் மெல்ல நகர்வதையும், மழை நாளில் உள்ளே விழும் நீர் தரையிலுள்ள சிறு துளைகளில் வடிவதையும் கண்டு, கைப்பேசியைத் தாழ்த்திவிட்டுப் பேச்சற்று நிற்கும் ஒரு சிறுவன் செய்வதுதான் என்ன? பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய், தன்னை மறந்த முழுக் கவனத்தையே வேண்டுதலின் சாரமாகக் கொண்டார். அவ்வளவுகோலின்படி, அவன் சுற்றுலாப் பயணியாக வந்தான் என்பது எதையும் தீர்மானிக்காது. அழகில் லயிப்பது வேறு, இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது வேறு என்று டேனிய மெய்யியலாளர் கீர்க்கெகார் வழியில் மறுப்போரும் உண்டு, அம்மறுப்பு வலுவானதே. எனினும், கிறிஸ்தவம் தழுவாத ரோமானியர் எழுப்பிய மண்டபத்தில் மண்டியிடும் விசுவாசியும் ஒருவகையில் பிறர் வீட்டு விருந்தாளியே என்பதால், உரியவர், அயலார் என்னும் பிரிவினை இங்கு இருவருக்குமே முழுமையாகப் பொருந்துவதில்லை.