திறந்திருந்த கதவு

தன்னைப் போல் பிற உயிரையும் எண்ண வேண்டும் என்பது நமக்குத் தொட்டிலிலிருந்தே சொல்லி வருகிற பாடம். அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் பிற உயிர் தன்னைப் போல் இல்லாவிட்டால் என்ன செய்வது? எனக்குக் குளிருகிறது, ஆகவே அதற்கும் குளிரும் என்று வைத்துக்கொண்டு நான் செய்கிற உபகாரம் உபகாரந்தானா? வேதாந்தமாகக் கேட்கவில்லை. வாத்துக்களை வைத்துத்தான் கேட்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்று ஒரு சிறு மாநிலம். அங்கே உத்தியோகத்திலிருக்கும் என் தமையனார் வீட்டில் ஒரு ஜனவரி மாதம் முழுவதும் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் கொல்லையில் ஏழெட்டு வாத்துக்கள், மூன்று கூஸ்கள். கூஸ் என்பது வாத்துக்குப் பெரியப்பா மாதிரி. கழுத்து நீளம், கோபமும் நீளம். நாம் இரண்டையுமே வாத்து என்று சொல்லிவிடுகிறோம்.

ஒரு நாள் பிற்பகல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும். கொல்லையில் மரக் கொட்டில் இருந்தது; உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தது; கதவும் திறந்திருந்தது. மூன்று கூஸ்களும் வெளியே பனியிலேயே படுத்து, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, முதுகில் ஒரு விரற்கடைப் பனி ஏறுகிற வரையில் அசையாமல் கிடந்தன.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த அண்ணிக்குத் தாங்கவில்லை. "வாயில்லாப் பிராணி! உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் என்னவாம்? அந்த அம்மாளுக்கு நெஞ்சு என்ன கல்லா?" என்றாள். அண்ணி மட்டுமல்ல, தெருவில் போகிறவர்கள்கூடக் காரை நிறுத்தி, கதவைத் தட்டிக் கோபித்துக்கொண்டு போவதுண்டாம். அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"முதுகில் இருக்கிற பனி உருகுகிறதா, பாருங்கள்" என்றார் அவர். உருகவில்லை. அந்த உடம்பின் உள்ளே சூடு ஏறக்குறைய 41 டிகிரி. நமக்கு அப்படி இருந்தால் டாக்டருக்கு ஆள் அனுப்புவோம். அவ்வளவு சூட்டுக்கு மேலே, இறகின் கனம் மட்டும் விட்டு, பனி பனியாகவே உட்கார்ந்திருக்கிறது. மேலிறகு எண்ணெய் பூசினாற்போலத் தண்ணீரைத் தள்ளுகிறது. அடியிலுள்ள பஞ்சு போன்ற தூவி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எந்த வீட்டுக் கூரையில் பனி உருகாமல் நிற்கிறதோ, அந்த வீட்டில் சூடு வீணாகவில்லை என்று அந்த ஊரில் கணக்கு. அதே கணக்குத்தான் இங்கேயும்.

கால்களில் இறகு இல்லையே என்று கேட்கலாம். அங்கேதான் இயற்கையின் சாமர்த்தியம். மேலிருந்து சூடாக இறங்குகிற ரத்தக் குழாயும் பாதத்திலிருந்து குளிர்ந்து ஏறுகிற குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்கு வழியிலேயே கொடுத்துவிடுகிறது. பாதம் உறைந்து போகாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கீழே போய்ச் சேருகிறது. அதற்கும் மேலே ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு மற்றொரு காலில் நிற்கும். இரண்டும் சில்லிட்டால் உட்கார்ந்துவிடும்.

இவையெல்லாம் பனிக்கு அஞ்சாத வீரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். புதுப்பனி விழுந்த காலையில் வாத்துக்கள் கொட்டில் வாசலில் நின்றுகொண்டு, யாரோ தங்கள் நிலத்தை அபகரித்துவிட்டாற்போல முணுமுணுக்கும். அந்த அம்மாள் மண்வாரியால் ஒற்றையடிப் பாதை வெட்டிக் கொடுத்தால்தான் வரிசையாக இறங்கும். கூஸ்கள் நடந்துகொண்டே பனியை வாரி வாரித் தின்னும்.

அவற்றுக்கு உண்மையில் வேண்டியது வேறு. தண்ணீர்! உலர்ந்த தீனி தொண்டையில் அடைக்காமல் இருக்க வேண்டும். மூக்கையும் கண்ணையும் அலசத் தலையை முக்க வேண்டும். சுற்றிலும் அத்தனையும் தண்ணீர்தான், ஆனால் கல்லாகிவிட்ட தண்ணீர். தினம் இரண்டு வேளை அந்த அறுபது வயது அம்மாள் வழுக்குகிற பனிக்கட்டியில் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். கதவைச் சாத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ சிரமம். சாத்தினால் மூச்சின் ஈரமும் எச்சத்தின் நெடியும் உள்ளேயே தங்கி, நல்ல வாத்தும் நோயில் விழும். இருட்டின பிறகு நரிக்குப் பயந்து சாத்துகிறார். அப்பொழுதும் கூரையடியில் காற்றுத் துவாரம் உண்டு.

'அதற்கெல்லாம் குளிராது' என்று கையைக் கட்டிக்கொள்பவர்களுக்கு இது சௌகரியமான வாதமாகப் போய்விடக் கூடாது. அந்தக் கூட்டத்தில் ஒன்று, நம் ஊரில் மணிலா வாத்து என்கிறோமே, அந்த ஜாதி. அதன் பூர்விகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசம். முகத்தில் சிவந்த வெறும் சதை. உறைபனியில் அது கருகிவிடும். கடுங்குளிர் நாட்களில் அதை மட்டும் அவர் கொட்டிலை விட்டு வெளியே விடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டைத்தலை வாத்து என்கிற காட்டுக் கூஸ், மங்கோலியாவிலும் திபெத்திலும் குளிர் வந்ததும் இமயத்தைத் தாண்டிப் பறந்து நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரை வந்துவிடுகிறது. ஏரி உறைந்தால் எழுந்து போக அதற்கு இறக்கை இருக்கிறது. கொல்லையில் நிற்கிற எம்டன் ஜாதிக் கூஸின் மூதாதை மூன்று நாலு கிலோ எடையுள்ள காட்டுப் பறவை. மாமிசத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து, ஆண் கூஸை ஒன்பது கிலோவுக்கும் மேலே கொண்டு வந்துவிட்டோம். குளிரைத் தாங்கும் இறகு மிஞ்சியது. குளத்தைத் தேடிப் போகும் பறத்தல் போய்விட்டது. ஆகவே அந்த வெந்நீர் வாளியைத் தர்மம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பழைய பாக்கி என்றே சொல்லத் தோன்றுகிறது. (அண்ணி எனக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்த மெத்தென்ற போர்வைக்குள் இருந்ததும் கூஸின் தூவிதான். சில இடங்களில் அதை உயிரோடு இருக்கும்போதே பறிப்பதுண்டு.)

அப்படியானால் அண்ணியின் இரக்கம் வீண்தானா? அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் குளிர்காலத்தில் அந்த அம்மாளும் மனம் பொறுக்காமல் கொட்டிலுக்குள் சூட்டு விளக்கு ஒன்றை மாட்டினாராம். அது வைக்கோலில் விழுந்து புகையத் தொடங்கியது. நல்ல வேளையாகப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் புத்தகம் புரட்டினதும், பண்ணைக்காரர்களைப் போய்க் கேட்டதும், மணிக்கணக்காக ஜன்னலில் நின்று பார்த்ததும். மனம் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் எவரும் ஜன்னலில் நிற்கவில்லை.

மாதக் கடைசியில் அந்த அம்மாளுக்கு ஜுரம் வந்தது. நாலு நாள் வாளி தூக்கினவள் அண்ணி. முதல் நாள் கூஸ் ஒன்று கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. "இதற்கா குளிரும் என்று பார்த்தேன்!" என்று வைதுகொண்டே, கட்டியிருந்த பனியைக் குச்சியால் உடைத்துத் தொட்டியை நிரப்பினாள்.