எட்டாம் பருவம்

மார்கழிக் காலை. ஆவடியில் மின்சார ரயில் ஏறினேன். எதிரே ஓர் அம்மாள். வயது நாற்பத்தெட்டு இருக்கும். பக்கத்தில் அவர் மகன். பெட்டியில் எல்லோரும் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவருக்கு மட்டும் முகமெல்லாம் வியர்த்தது. முந்தானையால் விசிறிக்கொண்டே எழுந்து ஜன்னலைத் திறந்தார். மகன் உடனே மூடினான். அம்மாள் சீறினார்.

"நாற்பது வயசிலே நாய்க்குணம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றான் பையன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்பத்தூரில் அவர்கள் இறங்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தத் தொடங்கியது.

பெண் பெரியவளானால் பந்தல் போடுகிறோம். தாய்மாமன் சீர் வருகிறது. அதே மாதவிடாய் நிற்கும்போது, "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்க ஆளில்லை. தமிழ்ப் புலவர்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்தார்கள். அந்தக் கணக்கு நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறது. உலாவரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களுக்காக வகுத்த கணக்கல்லவா! எட்டாம் பருவத்துக்குப் பெயரே இல்லை. நாம் வைத்த பெயர்தான் நாய்க்குணம்.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கிக் குறைகிறது. திடீரென உடம்பு கொதிக்கிறது, இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுகிறது, மனம் நிலைகொள்வதில்லை, எலும்பு மெலிகிறது. 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு இப்படி விடிய விடிய விழித்திருந்துவிட்டு வேலைக்கு வருகிற பெண்கள் எத்தனை பேரோ!

ஒருவர் துன்பத்துக்குக் குணம் என்று பெயர் வைத்துவிட்டால் மருந்து தேடும் பொறுப்பு நமக்கு இல்லாமல் போகிறது. நான் செய்த தவறு அதுதான். அதற்காக அவள் கோபத்தையெல்லாம் உடம்பின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. இருபத்தைந்து ஆண்டு பொறுத்ததை அவள் இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறாளோ என்னவோ! கேட்டால்தானே தெரியும்?

பெண்களும் இதை வெட்கமென்று மறைக்க வேண்டாம். கேழ்வரகு, எள், பால், கீரை, நாள்தோறும் நடை, சிறிது வெயில் இவை எலும்புக்கு நல்லவை. வேதனை மிகுந்தால் சிகிச்சை உண்டு. ஓராண்டு நின்ற பின் மீண்டும் உதிரம் கண்டால், துளியானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இன்று பெண்கள் எழுபது வயதைக் கடந்து வாழ்கிறார்கள். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பருவத்துக்குப் பிறகுதான் இருக்கிறது. அதைச் சிரிப்புக்கு அஞ்சிக் கழிக்க வேண்டுமா?

அன்று நான் பெரிதாக எதுவும் செய்திருக்க வேண்டாம். எழுந்து அந்த ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கலாம்.