வெள்ளைக் கொட்டை, கறுப்புக் கொட்டை

மைனஸ் மூன்றைக் கழிப்பதும் மூன்றைக் கூட்டுவதும் ஒன்றே என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எண்ணைப் பொறுத்தவரை அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஓய்வு பெற்றபின் ஞாயிறு காலைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். இந்த விதி வினைக்கும் செல்லுமா என்ற கேள்வி அங்கேதான் பிடித்துக்கொண்டது. செல்லாது என்றே நினைக்கிறேன்.

'மைனஸும் மைனஸும் ப்ளஸ்' என்று பிள்ளைகள் ட்யூஷனிலேயே உருப்போட்டுவிட்டு வரும். அதை நம்பி விட்டால் −3 − 2 என்பதற்கும் ப்ளஸ் 5 என்று எழுதிவைக்கும். ஆகவே நான் புளியங்கொட்டையை எடுப்பேன். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும். வெள்ளை மேலே இருந்தால் ப்ளஸ் ஒன்று. கறுப்பு மேலே இருந்தால் மைனஸ் ஒன்று. இரண்டும் சேர்ந்த ஜோடி பூஜ்யம். இப்போது 2-லிருந்து −3-ஐக் கழிக்க வேண்டும். மேஜையில் இருப்பது இரண்டு வெள்ளை. எடுக்கக் கறுப்பே இல்லை. மூன்று ஜோடியைக் கொண்டுவந்து வை என்பேன். வைப்பது பூஜ்யம்தானே, மதிப்பு மாறாது. அதிலிருந்து மூன்று கறுப்பை எடுத்துவிட்டால் ஐந்து வெள்ளை மிஞ்சும்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், மேஜையில ஒண்ணுமே இல்லாததும் அஞ்சு ஜோடி கெடக்கறதும் ஒண்ணா சார்?"

கணக்குப்படி ஒன்றுதான். முழுக்களை இன்றைய கணிதம் இயல் எண்களின் ஜோடிகளாகவே கட்டுகிறது. (2, 0), (5, 3), (9, 7) எல்லாம் ஒரே எண். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை மறந்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் அங்கே வேலை. அந்த மறதி இல்லாமல் இயற்கணிதம் ஓர் அடி நகராது.

இன்றைய ராஜஸ்தானின் பின்மாலோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரம்மகுப்தர், 628-இல், முப்பது வயதில் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்த விதிகளைச் சொத்து, கடன் என்றே சொன்னார். பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து. சொத்தைக் கழித்தால் கடன். ஆயிரம் ஆண்டு கழித்து பிரான்ஸில் பாஸ்கல், பூஜ்யத்திலிருந்து நான்கை எடுத்தால் பூஜ்யமே மிஞ்சும் என்பது சிலருக்கு விளங்கவில்லையே என்று அலுத்துக்கொண்டார். ஆண்டவன் இருக்கிறானா என்பதையே பந்தயக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் அவர்! பிரம்மகுப்தர் சொன்னது மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம்தான். அவர் நம் பாக்கியில் ஐந்நூறைத் தள்ளிவிட்டாலும், நாம் ஐந்நூறைக் கொண்டுபோய்க் கட்டினாலும் கடன் நோட்டில் ஒரே தொகைதான் நிற்கும்.

நம்மில் பலர் வினைக்கும் இதே நோட்டைத்தான் போடுகிறோம். வட்டிக்கு விட்டு ஒரு குடும்பத்தின் வீட்டை எழுதி வாங்கிய பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பிரதோஷம் தவறாமல் அன்னதானம். ப்ளஸ்ஸைப் போட்டு மைனஸை அடைக்கப் பார்க்கிறார்.

சித்தாந்தம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அன்னதானத்தின் பயனும் வரும், எழுதி வாங்கியதன் பயனும் வரும்; இரண்டையும் தனித்தனியே அனுபவித்தாக வேண்டும். ஐந்து ஜோடி என்றால் ஐந்து சுகம், ஐந்து துக்கம், அவற்றைத் துய்க்க ஓர் உடம்பு. வெறும் மேஜை என்றால் முத்தி. இருவினை ஒப்பு என்று அங்கே பேசுவதும் ஐந்துக்கு ஐந்து நேராகும் கணக்கல்ல. நல்வினைப் பயனில் விருப்பும் தீவினைப் பயனில் வெறுப்பும் உயிருக்கு ஒருசேர அற்றுப்போகும் நிலை. சமவலிமையுள்ள இரு வினைகள் ஒன்றையொன்று மறித்து நிற்பது என்று சொல்லும் பழைய விளக்கமும் உண்டு. அதிலும் அவை மறித்துத்தான் நிற்கின்றன, கரைவதில்லை.

பின் வினை எப்படிக் கழியும்? சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதத்தைத் தீக்கையில் குரு எரிக்கிறார். இந்தப் பிறவியில் துய்க்க வந்த பங்கான பிராரத்தம் உடம்போடு அனுபவித்துத் தீர்கிறது. எரியும்போது கறுப்போடு வெள்ளையும் போகிறது. நல்வினையும் விலங்குதான், பொன் விலங்கு. ஆகக் கூட்டலும் கழித்தலும் இங்கே ஒன்றல்ல. கொட்டையைக் கொண்டுவந்து வைப்பது நம் கை. எடுப்பது வேறொரு கை.

"அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டா?" என்று வகுப்பெடுக்கும் புலவர் ஐயாவிடம் கேட்டேன்.

"அதுவும் ஒரு வெள்ளைக் கொட்டைதான் சார். கறுப்பு அங்கேயே கெடக்கும்."

பெரியவர் வரையில் அவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் திருப்பிக் கொடுப்பதை அன்னதானத்தோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரதோஷச் சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் யாரோ. வீடு திரும்பினால் வாடகை வீட்டில் இருக்கும் அந்தக் குடும்பம் அதில் குடியேறும். கடன் போவதும் சொத்து வருவதும் ஒன்று என்ற பிரம்மகுப்தரின் விதி அவர்களுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும், இடையில் கட்டிய வாடகையைத் தவிர.