சும்மா கிடக்கும் காடு

பயனொன்றும் கருதாமல் ஒரு மனிதன் காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாமா? இக்கேள்வி சிலருக்கு நகைப்பைத் தரக்கூடும். நம் பாட்டன்மார் அறிந்த நடை வேறு. விடியுமுன் பெரட்டுக்கு நடந்தனர். அங்கிருந்து நிரைக்கு நடந்தனர். பால்வாளியைச் சுமந்து கொட்டகைக்கு நடந்தனர். வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர் "வேலையற்றவன்" என்பதே. இத்தீர்ப்பு நியாயந்தானா என்பதையே ஈண்டு ஆராயக் கருதுகிறோம்.

போர்ட்டிக்சன் பட்டினத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் தஞ்சோங் துவான் என்னும் முனை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. போர்த்துகீசியர் அதனை ராச்சாடோ முனை என்றனர். சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண்ணே. ஆயினும் அம்முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. (ஆட்சியாளர் கிழித்த கோடு மரங்களுக்கு எப்படித் தெரியும்?) உச்சியில் 1863இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1921இல் அக்காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அடிவாரத்திலிருந்து விளக்கம் வரை நிழல்வழியே ஏறுவதற்கு அரைமணி நேரம் போதும். இலைக்குரங்குகள் கிளைக்குக் கிளை தாவும். கீழே கடல் இரைவது கேட்கும். இதைத் தவிர அங்கே நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அதனாலேயே அக்காடு "சும்மா கிடக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்ல நமக்குக் காரணமும் உண்டு. காடு என்றால் நம்மவர்க்கு அச்சம். காட்டை அழிக்கவே அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அழித்த இடத்தில் மலேரியாவுக்கு மாண்டார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் திரும்பாதவர் எத்தனை குடும்பங்களில்! காட்டுக்கு மாறாகத் தோட்டம் ஒழுங்குடையதாய்த் தோன்றிற்று. மரங்கள் வரிசையில் நின்றன. ஆளுக்கு இத்தனை மரம், மரத்துக்கு ஒரு மங்கு என்று யாவும் எண்ணப்பட்டன. மரத்தை எண்ணிய கிராணியே ஆளையும் எண்ணினார்.

அவ்வெண்ணிக்கை என்ன செய்யும் என்பதை நம் சமூகம் ஒருமுறைக்கு மேல் கண்டது. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் யாது? விலை வீழ்ந்தது, அவ்வளவே. 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும் இதே கணக்கு. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது அக்கணக்கை எதிர்த்துத்தான். தொழிலாளரின் சிறுபணத்தைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கத் துணிந்தார். பின்னர்ச் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது; மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தோர் மூட்டை கட்டினர்.

துரை போய்விட்டார், அவருடைய தராசு நம் வீட்டிலேயே இருக்கிறது. கண் மங்கிப் பால்வெட்டை விட்ட தாத்தாவைச் "சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்கிறோம். தேர்வில் தவறிய பையனை "எதற்கும் ஆகாதவன்" என்கிறோம், அவன் காதில் விழும்படியாகவே. நம்மைக் கப்பலேற்றிய சொல்லை நாமே நம் பிள்ளைகள்மேல் எறிகிறோம். காட்டைச் சும்மா கிடப்பது என்கிற நாவும் இதே நாவுதான்.

"காட்டுக்கும் பயன் உண்டு, மண்ணரிப்பைத் தடுக்கிறது, மழைநீரைத் தேக்குகிறது" என்று அன்பர் சிலர் வாதிடுவர். உண்மையே. ஆனால் அவ்வாதத்தை மட்டும் நம்பியிருக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. பயனால் காக்கப்படுவது, அதனினும் பெரிய பயன் வரும் நாளில் கைவிடப்படும். போர்ட்டிக்சன் கடற்கரையில் விடுதிகள் வரிசையாய் எழுந்ததைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இருக்கிறது என்பதே ஒன்றை விட்டுவைக்கப் போதிய காரணமாகாதா? மனிதனுக்கு ஆகும் என்றால் மரத்துக்கு ஏன் ஆகலாகாது?

நிற்க. "வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவனுக்கு உலாவு எதற்கு?" என்பார் உளர். ஞாயிறன்றும் மிகைநேர வேலைக்குப் போகும் தாயை நாம் குறை சொல்லோம். ஆனால் துரைமார் கிளப்புக்குப் போனபோதும், பந்தாடியபோதும், அவற்றின் பயன் யாது என்று எவரும் கேட்கவில்லை. ஓய்வு உடையவனுக்குப் பண்பாடு, இல்லாதவனுக்குச் சோம்பல் என்று இரண்டு அகராதி வைத்திருப்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன்பருந்துகள் இம்முனைக்கு வருகின்றன, மார்ச்சில் மிகுதி. சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீரிணையை அவை கடந்தாக வேண்டும். நிலத்தின்மேல் எழும் வெப்பக்காற்றில் சிறகடிக்காமல் மிதப்பதே அவற்றின் வழக்கம். கடலின்மேல் அக்காற்று போதாமையால், வழிநெடுகச் சிறகடித்துக் களைத்து வருகின்றன. அவற்றுள் பல, கரையேறியதும் இக்காட்டு மரங்களில் அமர்ந்துவிடுகின்றன. சிரம்பானிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள், வீட்டுத் தாத்தாவையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஏற்றம் மெதுவானது, இடையிடையே நின்று போகலாம். வெயில் ஏறி நிலம் சூடாகும்போது பருந்துகள் ஒவ்வொன்றாய் மரம் விட்டெழுந்து, வட்டமிட்டு, வடக்கே போகும். அதுவரை அவை மரத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.