சன்னலோர இருக்கை

"ஊர் பார்க்கப் போகிறோம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஊரை எப்படிப் பார்ப்பது? கோட்டையைப் பார்க்கலாம், கடலைப் பார்க்கலாம், கடைவீதியைப் பார்க்கலாம். இவை அனைத்தையும் பார்த்து முடித்த பின்னும் அந்த ஊரைக் காணாமலே ஒருவர் வீடு திரும்பிவிட முடியும். ஐம்பது வயதைக் கடந்த பிறகே இதை நான் உணர்ந்தேன். பாடத்தைத் தொடங்கி வைத்தது கொச்சி மாநகரம். அதை முடித்து வைத்தவர், நான் பணியாற்றும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் உழைக்கும் ஓர் இளைஞர்.

எங்கள் பங்கின் அன்பியப் பொறுப்பாளர்கள் இருபது பேருடன் சென்னை சென்ட்ரலில் இரவு ரயிலேறி, மறுநாள் காலை எர்ணாகுளத்தில் இறங்கினோம். கொச்சி, நீரும் நிலமும் கைகோத்து நிற்கும் நகரம். எர்ணாகுளம், வைப்பின், வல்லார்பாடம், வில்லிங்டன் தீவு, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி என்று விரியும் பகுதிகள் பலவற்றுக்கு நடுவே காயல் விரிந்து கிடக்கிறது. நமக்குப் பேருந்து எப்படியோ, அம்மக்களுக்குப் படகு அப்படி. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளும் ஓடுகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 'வாட்டர் மெட்ரோ' என்னும் மின்கலப் படகுகளும் ஓசையின்றி வழுக்கிச் செல்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் செவிலியரும் மீன் விற்கும் பெண்களும் அவற்றில் ஏறி இறங்குகிறார்கள். நாங்களோ அவற்றை ஒரு வேடிக்கை என எண்ணி ஏறினோம்.

பார்க்க வேண்டியவை அனைத்தையும் பார்த்தோம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நின்றோம். அவருடைய எச்சங்கள் 1539-இல் போர்த்துக்கலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல்லறைக் குழி மட்டும் இன்றும் காட்சிப்பொருளாய் இருக்கிறது. கரையோரத்துச் சீன வலைகளைக் கண்டோம். கயிறுகளில் கட்டிய கற்களின் எடையால் அந்தப் பெரும் வலை தாழ்வதையும் உயர்வதையும் வியந்து பார்த்தோம். வாழையிலையில் பொதிந்து வாட்டிய கரிமீனையும், மீன் குழம்பு ஊற்றிய மரவள்ளிக் கிழங்கையும் விரும்பி உண்டோம். அந்தக் கிழங்கு ஒரு காலத்தில் பசியாற்றும் மருந்தாக இருந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பயிரிட ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது எளியோர் வயிற்றைக் காத்ததும் அதுவே. இவற்றை நான் நூல்களில் படித்திருந்தேன். ஆயினும் தட்டு முன்னே வந்தபோது, எனக்குச் சுவை மட்டுமே நினைவிருந்தது.

அன்று மாலை திரும்பும் படகில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கதிரவன் துறைமுக வாயிலில் இறங்கிக்கொண்டிருந்தான். சன்னலோரம் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் தலைசாய்த்துக் கண்மூடி அமர்ந்திருந்தார். காலடியில் காலியான மீன் கூடை. படம் எடுப்பதற்காக அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. மெல்லத் தோளைத் தொட்டு, சைகையால் கேட்டேன். அவர் என் வெள்ளை அங்கியைப் பார்த்தார். உடனே எழுந்து, புன்னகையோடு இடம் தந்தார். எனக்கு அருமையான படங்கள் கிடைத்தன. படகு கரையை அணைத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் கூடையை இடுப்பில் அணைத்தபடி வழி நெடுக நின்றுகொண்டே வந்திருந்தார். நன்றி சொல்ல நான் வாய் திறப்பதற்குள் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

இது பெரிய பாவமா என்று கேட்பீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்பவர் எவரும் இலர். எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருத்துவக் கல்லூரியில் படித்த பழைய பாடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பிரிவில், மலைகளின் உயரத்தையும் கடலின் அலைகளையும் வியப்பதற்காக மனிதர் புறப்பட்டுப் போகின்றனர், தங்களையோ கவனியாது விட்டுவிடுகின்றனர் என்று வருந்துகிறார். 1336-இல் வாந்து மலையின் உச்சிக்கு ஏறிய இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, அங்கே அந்நூலைத் திறந்தபோது இப்பகுதியே கண்ணில் பட்டதாகவும், வெட்கமுற்று மௌனமாய் இறங்கியதாகவும் எழுதியிருக்கிறார். புனித தாமஸ் அக்குவினாரோ காண விழைவதை முற்றிலும் பழிப்பதில்லை. அறிய விரும்பும் ஆர்வத்தை ஒழுங்குபடுத்தும் பண்பை அவர் அளவுடைமை என்னும் அறத்தின் கீழ் வைக்கிறார். அதற்கு எதிராக நிற்பது வீண் ஆவல் என்கிறார். ஆக, பார்ப்பது குற்றமன்று. எந்த மனத்தோடு, எதற்காகப் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

ஆனால் அகுஸ்தினாரின் கடிந்துரையைப் படித்துவிட்டு, பயணமே வீண் என்று நான் மறையுரை ஆற்றத் தொடங்கினால் அது அநீதியாகும். எங்கள் குழுவில் முப்பது ஆண்டு ஆலைப் பணி செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். படகுத்துறையில் நான் அடுத்த இடத்துக்கு அவசரப்படுத்தியபோது அவர் சொன்னார்: "ஃபாதர், வாழ்நாள் பூரா மெஷின் சத்தம் கேட்டாச்சு. கொஞ்ச நேரம் இந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்கார விடுங்க." அவர் கேட்டது ஆடம்பரமா? ஏழாம் நாள் ஓய்வை அடிமைக்கும் அந்நியனுக்கும் உரியதாக்கிய இறைவனின் கட்டளையை அவர் தம் மொழியில் எடுத்துரைத்தார். அழகைக் கண்டு இளைப்பாறுவது உழைப்பவரின் உரிமை. ஆயின் அந்த உரிமை எனக்கும் அவருக்கும் மட்டும்தானா? கூடைக்காரப் பெண்மணிக்கு இல்லையா? இக்கேள்விக்கு அன்று நான் விடை தேடவில்லை.

மறுநாள் இன்னொன்று நிகழ்ந்தது. ஃபோர்ட் கொச்சியில் சலவைத் தொழிலாளரின் துறை ஒன்று உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உழைக்கின்றனர். நாங்கள் பேசியதைக் கேட்ட முதியவர் ஒருவர், துணியைக் கொடியில் போட்டபடியே, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். அந்த ஒரே கேள்வியில் எங்கள் இருபது பேர் முகமும் மலர்ந்தது. வந்த நாள்முதல் எங்களுக்குப் பலர் பொருள் விற்றிருந்தனர், பலர் வழி காட்டியிருந்தனர். எங்களை யாரென்று கேட்டவர் அவர் ஒருவரே. விருந்தினர் வாடுவதற்கு ஒரு முகச்சுளிப்பே போதும் என்பதை அறிந்திருந்தார் வள்ளுவர். மலர்வதற்கும் ஒரு விசாரிப்பே போதும் போலும்.

ஊர் திரும்பிய ஞாயிறன்று, திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் பங்குமக்களுக்குப் பயணப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலயக் குழாயில் தண்ணீர் பிடிக்க வெளிமாநிலத் தொழிலாளர் பலர் வருவதுண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலத்தவர். எல்லாரையும் நாங்கள் 'வடநாட்டார்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். அவர்களுள் ஓர் இளைஞர் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தயங்கியபடி படத்தை எட்டிப் பார்த்தார். "ஃபாதர், இது சிலிக்காவா?" என்றார்.

"இல்லை தம்பி, கொச்சி. உனக்குச் சிலிக்கா ஏரி தெரியுமா?"

"என் ஊர் அது."

அரைகுறைத் தமிழிலும் கைச்சைகையிலும் அவர் சொல்லத் தொடங்கினார். ஒடிசாவின் சிலிக்கா இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரைச் சிற்றூரில் பிறந்தவர் அவர், படகில் வளர்ந்தவர், தந்தையோடு இறால் பிடித்தவர். கும்மிடிப்பூண்டிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் இங்கே எங்கும் தண்ணீரைக் காணவில்லை என்றார். நான் திகைத்துப்போனேன். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு, எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அவருக்கு அதை எவரும் சொல்லவில்லை. அறை, ஆலை, கடைத்தெரு: இம்மூன்றே அவர் கண்ட தமிழ்நாடு.

மூன்று ஆண்டுகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம். அதை ஓர் அறச்செயலாக எண்ணி நான் பெருமிதமும் கொண்டிருக்கிறேன். ஆனால் "நீ எந்த ஊர்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கொச்சியில் ஒரு முதியவர் கேட்டபோது என் உள்ளம் குளிர்ந்த அதே கேள்வியை, என் வீட்டு வாசலில் நான் எவரிடமும் கேட்டதில்லை. நற்செய்தியில் வரும் செல்வர், வாசலில் கிடந்த இலாசரை அடித்து விரட்டியதாக எழுதப்படவில்லை. அவர் இலாசரைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே. மேசைத் துணுக்குகள் அந்த ஏழைக்குக் கிடைத்திருந்தாலும், பார்வை கிடைக்கவில்லை என்றால் குற்றம் நீங்கியிருக்குமா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

பயணியின் அறமும் ஊராரின் அறமும் ஒன்றே என்பது அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. பயணியாகச் செல்லும்போது, நம்மைச் சுமக்கும் படகும் நமக்கு உணவாகும் மீனும் யாருடைய உழைப்பு என்று கேட்க வேண்டும். ஊராராக இருக்கும்போது, நம்மிடம் வந்திருப்பவர் எதைவிட்டு வந்தார் என்று கேட்க வேண்டும். விரும்பிச் செல்பவரை நாம் சுற்றுலாப் பயணி என்கிறோம். பிழைக்க வருபவரைக் கூலியாள் என்கிறோம். அழகைக் காணும் தாகம் முன்னவருக்கு மட்டுமே உண்டு என்று நம்மையறியாமலே முடிவு செய்துவிடுகிறோம். நம் பழவேற்காடே இதற்குச் சாட்சி. டச்சுக்காரர் அங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். அத்துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. அடிமைகளாக ஆயிரக்கணக்கான மனிதரும் ஏற்றப்பட்டுப் பட்டாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். இன்று அந்த டச்சுக் கல்லறைகளின் சிற்பங்களை நாம் ரசித்துப் பார்க்கிறோம். கப்பலேறியவருக்கோ கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

பொங்கல் விடுமுறையில் ஒரு வேன் அமர்த்தி, அந்த இளைஞரையும் அவருடைய தோழர் பதின்மூவரையும் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். உல்லாசப் படகு எதிலும் ஏறவில்லை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை எங்கள் பகுதி மக்கள் மறக்கவில்லை. கரையிலேயே இருந்தோம். தொலைவில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மகிமை மாதா ஆலயத்தருகே வசிக்கும் மீனவக் குடும்பம் ஒன்று தம் அடுப்பைத் தந்தது. இளைஞர்கள் சந்தையில் இறால் வாங்கி, கடுகு அரைத்துத் தங்கள் ஊர் முறையில் சமைத்தனர். எங்கள் வீட்டு இறால் தொக்கில் பழகிய நாக்குக்கு அக்கடுகின் காரம் புதிதாக இருந்தது. அடுப்பு தந்த அம்மா செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சாப்பிட்ட பின் அந்த இளைஞர் தண்ணீரில் விரலை நனைத்து நாவில் வைத்துப் பார்த்தார். பிறகு தம் ஏரியின் நடுவே உள்ள காளிஜாய் தீவைப் பற்றிச் சொன்னார். மாமியார் வீட்டுக்குப் படகில் சென்ற மணமகள் புயலில் மூழ்கி, அத்தீவின் தெய்வமானாள் என்பது அவ்வூர் வழக்கு. நான் வல்லார்பாடத்து மரபைச் சொன்னேன்: 1752-இல் புயலில் படகு கவிழ்ந்து காயலில் மூழ்கிய மீனாட்சி அம்மாவும் அவர் குழந்தையும் அன்னை மரியாவின் துணையால் உயிரோடு மீட்கப்பட்ட கதையை. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, தம் தாய் ஒவ்வொரு மாலையும் படகுக்காகக் கரையில் காத்திருந்ததைச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்பு வாசகர்களே, விடுமுறை வரும்போது நீங்களும் பயணம் போவீர்கள், போக வேண்டும். நல்ல உணவை உண்ணுங்கள். நீரின் அழகைக் கண்டு மகிழுங்கள். அதற்கு முன்பாக உங்கள் தெருவில் வந்து தங்கியிருக்கும் ஒருவரிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கேட்டுப் பழகிய நா, போகும் இடத்திலும் கேட்கும்.

அன்று மாலை வேனில் ஏறியபோது, சன்னலோர இருக்கையில் எனக்காகத் துண்டு விரித்து வைத்திருந்தார் அந்த இளைஞர். நான் அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, அவரை அங்கே அமரச் சொன்னேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை. ஏரி கண்ணுக்கு மறையும்வரை அவர் திரும்பவே இல்லை.