நேர்மைக்கு ஒரு தேர்வு

அரசியல் அறிவியலும் பொது நிர்வாகமும் பயிலும் கல்லூரி மாணவர் பலரின் கனவு குடிமைப் பணித் தேர்வு. 2013-ஆம் ஆண்டு முதல் அதன் முதன்மைத் தேர்வில் ஒழுக்கநெறி, நேர்மை ஆகியவற்றுக்கென ஒரு தாள் உண்டு, மதிப்பெண் 250. அரசமைப்பைப் போல நேர்மையையும் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாமா?

இவ்வினாவின் வேர் மிகப் பழையது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் மறைந்திருந்த நூல். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் 1905-இல் மைசூர் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த ஏட்டுச்சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி 1909-இல் அதனைப் பதிப்பித்தார். வரி, ஒற்று, போர், நஞ்சு என எதையும் ஒளிக்காமல் பேசும் அந்நூலின் 15 அதிகரணங்களுள் முதலாவது, ஆள்வோனின் வினயத்தை, அதாவது பயிற்சியைப் பற்றியது. தண்டநீதி ஒன்றே கற்கத் தக்கது என்றனர் உசனஸ் மரபினர். கௌடிலியர் அதனை ஏற்கவில்லை. நான்கு வித்தைகளைக் கூறி, ஆன்வீக்ஷிகீ எனப்படும் தத்துவ ஆராய்ச்சியை முதலில் வைத்தார். ஆட்சிக் கலை கடைசியில் வருகிறது.

பின்னர்ப் புலனடக்கம். அழிந்த மன்னர்களை அவர் வரிசைப்படுத்துகிறார். இராவணன் காமத்தால் கெட்டான் என்பது உலக வழக்கு. கௌடிலியரோ, பிறன் மனைவியைத் திருப்பி அனுப்ப விடாத செருக்கே அவனை அழித்தது என்கிறார். செய்த பிழையைவிடத் திருத்த மறுத்த பிழை பெரிது என்பதை அதிகாரத்தை அருகிருந்து கண்டவரே இவ்வாறு கூற இயலும்.

அமைச்சர்களின் தூய்மையை அறிய அறம், பொருள், இன்பம், அச்சம் என நான்கு மறைமுகச் சோதனைகளையும் அந்நூல் விளக்குகிறது. பதவி நீக்கப்பட்டது போல் நடிக்கும் படைத்தலைவன், மன்னனைக் கொல்லுமாறு ஒவ்வோர் அமைச்சரிடமும் ஆளனுப்பிப் பொருளாசை காட்டுவான். மறுத்தவர் தூயவர். இம்முறையை முன்னோர் கருத்தாகச் சொல்லிவிட்டு, கௌடிலியர் தம் தயக்கத்தையும் பதிகிறார்: இச்சோதனைகளுக்கு மன்னனையோ அரசியையோ இலக்காக்கலாகாது, கெடாத மனத்தைக் கெடுப்பது தண்ணீரில் நஞ்சு கலப்பதை ஒக்கும், கெட்டபின் மருந்து கிடைக்காமலும் போகலாம்.

தேர்வுக் கூடத்தில் இந்த அபாயம் இல்லை. ஒப்பந்ததாரர் நீட்டும் பணத்தை ஓர் அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்குச் சரியான விடை எழுதும் மாணவன் அங்கே எதையும் இழப்பதில்லை. ஆயினும் அத்தாள் வீணன்று. இரு கடமைகள் மோதுமிடத்தில் நிதானித்து ஆராயும் பழக்கத்தை அது தரக்கூடும். ஆன்வீக்ஷிகீயின் பணியும் ஓரளவு அதுவே.

பொருட்சோதனையில் வென்றவனைக் கருவூலத்திலும் வருவாய்த் துறையிலும், அறச்சோதனையில் வென்றவனை நீதிமன்றத்திலும் அமர்த்தச் சொல்கிறார் கௌடிலியர். பணத்திற்கு மயங்காதவன் அச்சத்திற்கு வளையக்கூடும். 250-க்கு இத்தனை என்னும் ஒற்றை எண்ணில் அந்த வேறுபாடு தெரிவதில்லை.