நிலையம் யாருக்கு உரியது?

பண்டத்தரிப்புக்குப் புகையிரதம் வந்ததில்லை. ஆயினும் இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே தெல்லிப்பழைக்கோ மல்லாகத்துக்கோ சுன்னாகத்துக்கோ சென்று வண்டியேறினர். ஆகவே ஒரு நிலையம் அது நிற்கும் ஊருக்கு மட்டும் உரியதன்று. அதை நாடிவரும் மக்கள் அனைவருக்கும் உரியது. அம்மக்கள் திரும்ப வழியின்றி நிற்க, நிலையக் கட்டடம் மட்டும் புதுப்பொலிவோடு எழுந்தால், அதை 'மீண்டது' என்று கூறுவது அறமாகுமா? பாதையின் முடிவிடமாகிய காங்கேசன்துறையின் வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

குடாநாட்டின் முதற்பாதை 1902 மார்ச் 11 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே திறக்கப்பட்டது. 1905 ஆகஸ்டில் கொழும்புடனான தொடர்பு முழுமையடைந்தது. அந்நிய ஆட்சி இதனை அன்பினால் அமைக்கவில்லை. நிருவாகமும் வணிகமுமே அதன் நோக்கங்கள். ஆனால் மக்கள் தமக்குக் கிடைத்த கருவியைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டனர். தோட்டக்காரனின் விளைபொருள் தெற்கே போயிற்று. எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் இளைஞர் போயினர். 1950 இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை காங்கேசன்துறையைத் தொழிலாளர் ஊராக்கியது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

பயணச்சீட்டு விற்கும் சாளரம் எவரிடமும் சாதி கேட்கவில்லை. காசு மட்டுமே கேட்டது. காசுக்கேற்ப மக்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தது என்பதும் உண்மையே. எனினும், இதே பாதையோரத்து மாவிட்டபுரத்தில் 1968 இல் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில் வாசலில் நின்று போராட வேண்டியிருந்ததை எண்ணிப் பார்த்தால், பொது நிலையம் என்பதன் பொருள் விளங்கும். எவரும் எவரிடமும் கைகட்டி நில்லாமல் வந்துபோகக்கூடிய இடம் அது. கல்லும் ஓடும் அல்ல, அந்த உரிமையே நிலையம்.

1990 ஜூனில் அவ்வுரிமை பறிபோயிற்று. சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளாயின. வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறை உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது.

போர் 2009 இல் முடிந்தது. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் இடப்பட்டு, 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. ஆனால் நிலையத்தைச் சூழ்ந்த நிலங்களுக்கு உரியவர்களில் பலர் அன்றும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலுமே இருந்தனர். இரும்புக்கு வழி திறந்தது, மனிதருக்குத் திறக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் நிலம் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது.

"பாதை முதலில் வரட்டும், மக்கள் பின்னால் வருவர்" என்பார் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தெற்கே சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும், பல்கலைக்கழகம் செல்லும் மாணவனுக்கும், வடக்கைக் காண வரும் சிங்களத் தொழிலாளிக்கும் பாதை வேண்டும். அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் "கொடுத்தோம், நன்றி கூறுங்கள்" என்னும் குரலை எங்ஙனம் ஏற்பது? அக்கடனின் சுமையைத் தாங்குவோர் இந்நாட்டு உழைப்பாளிகள்: கொழுந்து கொய்பவரும் நெல் விளைப்பவரும் வலை வீசுபவரும். மக்கள் பொருளால் மக்களுக்கு அமைத்தது ஈகையன்று, கடமை. அன்றியும், வண்டி வந்துவிட்டது என்ற காட்சி, ஊரவர் வரவில்லை என்ற உண்மையை மறைக்குமாயின், நற்பணியே பொய்ச்சாட்சியாகிவிடும் அன்றோ?

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் வந்தது. தொழிலாளர் இறங்கிய நிலையம் நாளை சுற்றுலாப் பயணிகள் இறங்கும் நிலையமாகலாம். காலத்துக்கேற்பப் பணி மாறுவது இயல்பே. ஆனால் வருவாயைக் கணக்கிடுவோர் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும்: இந்நிலையத்தில் இறங்கித் தம் சொந்த வீட்டுக்கு நடந்துபோக முடிந்தவர் எத்தனை பேர்? எஞ்சியோர் எத்தனை பேர்? எஞ்சியோர் எவருமில்லை என்று விடை வரும் நாளே காங்கேசன்துறை நிலையம் மீண்ட நாள்.